உறங்கும் செடியும் ஒத்திப்போடும் மனிதனும்



மார்கழிக் கடைசியில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பற்றி எனக்கும் என் மனைவிக்கும் ஒரு சிறு வாக்குவாதம் ஏற்பட்டது. அதைத்தான் இந்த இதழில் எழுதப் போகிறேன். கறிவேப்பிலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பேச்சு முடிந்தபோது நாங்கள் செடியை விட்டு வெகுதூரம் போயிருந்தோம்.

நாங்கள் குடியிருப்பது ஷார்ஜாவில், முவைலா பகுதியில். குடிவந்த காலத்தில் பாதி மணலும் பாதிக் கட்டடமுமாக இருந்த இடம். இன்று பள்ளிக்கூடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. எங்கள் பால்கனியில் பழைய பெயின்ட் வாளி ஒன்றில் துளை போட்டு மண் நிரப்பி, ஊரிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த கறிவேப்பிலைக் கன்றை வைத்து வளர்த்து வருகிறோம். ஏழு வருடச் செடி. வளைகுடாவில் வீட்டுக் கறிவேப்பிலை என்றால் எவ்வளவு மதிப்பு என்பதை இங்கே குடும்பம் நடத்தியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி கிளம்பும்போது இரண்டு கொத்து பறித்துக் கொடுத்தால் தாம்பூலம் கொடுத்த மாதிரி.

இந்த வருடம் மார்கழியில் குளிர் கொஞ்சம் கூடுதல். இரவில் 12, 13 டிகிரி. உள்நாட்டு மணல்வெளியில் பத்துக்கும் கீழே இறங்கியதாகச் சொன்னார்கள். செடி முதலில் மஞ்சளித்தது. பிறகு இலைகளை உதிர்க்க ஆரம்பித்தது. பொங்கலுக்கு முன் வெறும் குச்சிதான் மிச்சம். நான் பதறிப்போய் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், உரமும் வாங்கிப் போட்டேன். அப்படியும் ஒன்றும் ஆகவில்லை. "செத்த செடிக்கு எத்தனை நாள் இடம் கொடுப்பது? எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம்" என்றேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

எதிர் வீட்டில் பாலக்காட்டுப் பக்கத்து அம்மாள் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் வாளியின் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தக் குளிரில் செடி தண்ணீரே குடிக்காது, இப்படி ஊற்றினால் வேர் அழுகித்தான் சாகும், குளிரால் சாகாது என்றார். பிறகு தண்டில் ஓரிடத்தில் நகத்தால் லேசாகக் கீறினார். மேல்தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தது. "உறக்கம்" என்றார், அவ்வளவுதான்.

அன்றிரவு கனடாவிலிருந்து என் தங்கை பேசினாள். அங்கே மரங்களில் ஓர் இலை கிடையாது, எல்லாம் எலும்புக்கூடு மாதிரி நிற்கின்றன, முதல் வருடம் வந்தபோது தெருவில் உள்ள மரம் எல்லாம் பட்டுப்போய்விட்டன என்றே நினைத்தேன் அண்ணா என்று சிரித்தாள். எங்கள் வீட்டில் ஒரு வாளிச் செடிக்கு நடந்தது அவள் ஊர் முழுக்க ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த மரங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததில் சில விஷயங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

குளிர் செடியை எப்படிக் கொல்கிறது? உயிரணுவுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டியின் கூர் உள்ளிருக்கும் அமைப்பைக் குத்திக் கிழித்துவிடும். ஃப்ரீசரில் வைத்த வெள்ளரிக்காயை வெளியே எடுத்தால் கொழகொழவென்று தொங்குமே, அதுதான். குளிர்நாட்டு மரம் இதைத் தடுக்க ஒரு தந்திரம் செய்கிறது. பனிக்கட்டியை அது முழுக்கத் தடுப்பதில்லை. வீட்டுக்குள் வராமல் திண்ணையில் உட்காரச் சொல்கிறது. உயிரணுக்களுக்கு வெளியே, இடுக்குகளில் உள்ள நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனி உள்ளேயிருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்ள, உள்ளே மிஞ்சுவது சர்க்கரைப் பாகு போன்ற கெட்டியான சாறு. பாகு எளிதில் உறையாது என்பது சமையலறை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. முவைலாவில்கூட ஜனவரியில் தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்துத்தான் தலையில் தடவ வேண்டியிருக்கிறது. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வும் ஒருவகைக் கொழுப்புத்தான். அது உறைந்து விறைத்தால் வேலை நின்றுவிடும். குளிர்நாட்டுச் செடி, குளிர் வருவதற்கு முன்பே தன் சவ்வின் கொழுப்பைத் தேங்காய் எண்ணெய்த் தன்மையிலிருந்து நல்லெண்ணெய்த் தன்மைக்கு மாற்றிக்கொண்டுவிடுகிறது. நம் கறிவேப்பிலை வெப்பநாட்டுப் பிறவி. அதற்கு இந்த வித்தை போதுமான அளவு தெரியாது. அதனால்தான் பனியே விழாத 12 டிகிரியில் அது விறைத்துப்போய், கடையை மூடிவிட்டது.

வருவதற்கு முன்பே என்று சொன்னேன். அதுதான் முக்கியம். வடநாட்டு மரத்துக்குக் குளிர் வரப்போவதைச் சொல்வது முதலில் பகலின் நீளம். பகல் குறையக் குறைய மரம் தயாராகிறது. இதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியைத் தாங்கும் அதே மரம், கோடையில் திடீரென்று ஓர் இரவு பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி வந்தால் கருகிவிடும். பலம் மரத்தில் எப்போதும் இருப்பதல்ல. உரிய காலத்தில் சேர்த்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இலையுதிர்வதையும் நான் தவறாகவே நினைத்திருந்தேன். காற்றடித்தால் விழுகிறது என்று எண்ணம். மரம் இலையைக் கைவிடுவதற்கு முன் கணக்கு முடிக்கிறது. இலையில் உள்ள பச்சையத்தைப் பிரித்து, அதிலிருக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைக் கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் தக்கை போல ஒரு தடுப்பைக் கட்டி, காயம் ஆற ஏற்பாடு செய்துவிட்டுத்தான் இலையை விடுகிறது. கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு நிறுவனத்தை மூடும்போது இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு முடித்ததை இருபத்துநான்கு வருட அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் விட மொட்டுத்தான் என்னை யோசிக்கவைத்தது. வசந்தம் வந்ததும் துளிர்க்கும் இலை வசந்தத்தில் உண்டானதல்ல. அதற்கு முந்தின கோடையிலேயே, மரம் செழிப்பாக இருக்கும்போதே, அடுத்த வருடத்து இலைகளைக் குட்டிகுட்டியாகச் செய்து மடித்து, செதில்களுக்குள் பொதிந்து வைத்துவிடுகிறது. குளிர் முழுவதும் மரம் சுமந்துகொண்டு நிற்பது அதைத்தான். எலும்புக்கூடு என்று என் தங்கை சொன்ன மரத்தின் ஒவ்வொரு விரல்நுனியிலும் அடுத்த வருடம் இருக்கிறது.

நமக்குப் பனி எங்கே என்று கேட்கலாம். இங்கும் ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலையில் 2004 டிசம்பரிலும் 2009 ஜனவரியிலும் பனி விழுந்து எல்லோரும் படம் எடுத்தார்கள். நம் தமிழ்நாட்டிலேயே நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. புல்வெளி விடிகாலையில் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் இருக்கும். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கருகியது என்று செய்தித்தாளில் வருடாவருடம் படிக்கிறோம். ஆனால் அதே மலையில் சோலைக்காடுகள் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கின்றன. காரணம், மரக்கூட்டத்தின் கூரை தரையின் வெப்பத்தை இரவில் தப்பவிடாமல் பிடித்துவைக்கிறது. சோலை மரத்தின் விதை வெளியே புல்வெளியில் விழுந்து முளைத்தால் அந்தக் கன்று பிழைப்பது அரிது. தீயும் ஒரு காரணம், உறைபனி மற்றொரு காரணம். பெரிய மரங்களின் அடியில் விழுந்த விதைதான் வளர்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

குளிரைப் பற்றிப் படிக்கப் போன எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. உயிரணுவிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது என்றேன் அல்லவா? அப்படியானால் குளிர் என்பது செடிக்கு ஒருவகைத் தாகம்தான். சுற்றிலும் பனியாக நீர் குவிந்து கிடக்கும், குடிக்க ஒரு சொட்டு இராது. உறைபனியில் உயிரணுவைக் காக்கும் புரதங்களில் ஒரு வகை, வறட்சியிலும் செடிக்குள் உண்டாகிறது. ஆகவே கனடாவின் ஜனவரியும் ஷார்ஜாவின் ஜூலையும் செடியின் கணக்கில் அண்ணன் தம்பி.

இங்கே நமக்குக் குளிர்காலம் என்பது கோடைதான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலில் வெட்டவெளி வேலை கூடாது என்று சட்டமே இருக்கிறது. செடிகளும் அந்தச் சட்டத்தைப் பின்பற்றுகின்றன. குவைத்தின் தேசிய மலரான அர்ஃபஜ் என்ற புதர், கோடையில் இலை முழுவதும் உதிர்த்து விறகுக் கட்டு போலக் கிடக்கிறது. மழை பெய்த சில நாளில் பச்சை கட்டுகிறது. இன்னும் சில செடிகள் கோடையைக் கடப்பதே இல்லை. மாசி பங்குனிக்குள் பூத்துக் காய்த்து மடிந்து, விதையாக மணலுக்குள் போய்விடுகின்றன. அந்த விதைத் தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நாலு தூறலுக்கு அது கரையாது. நல்ல மழை பெய்து கழுவினால்தான் கரையும். அப்படி நல்ல மழை பெய்தும் எல்லா விதையும் முளைப்பதில்லை. ஒரு பகுதி அடுத்த வருடத்துக்கென்று கிடக்கிறது. சம்பளம் முழுவதையும் ஒரே சீட்டில் போடாத புத்திசாலித்தனம்.

அல் தைத் போகும் சாலையில் மணல்மேடுகளுக்கு நடுவே குடை பிடித்தாற்போல் மரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காஃப் மரம். 2008-ஆம் ஆண்டு இந்நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. 2019-ஐ சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது அதற்கு இந்த மரத்தையே சின்னமாக வைத்தார்கள். எனக்கு இந்த ஊர் வந்து பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது, இது நம் வன்னி மரம் என்று. சாட்சாத் அதே மரம். நான் விருத்தாசலத்துக்காரன். பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியது என்று தலபுராணக் கதையை என் அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பிழைப்புக்காக இந்த மணலுக்கு வந்த எனக்கு முன்பே வன்னி இங்கே வந்து நின்றிருக்கிறது. இதன் வேர் பல பத்தடி ஆழம் போய் நீரைத் தேடுவதால், மற்றதெல்லாம் கருகும் கோடையிலும் இது பச்சையாக நிற்கிறது.

வன்னி என்றதும் மகாபாரதம் நினைவுக்கு வராமல் இருக்காது. பன்னிரண்டு வருட வனவாசம் முடிந்து, பதின்மூன்றாவது வருடம் யாரும் அறியாமல் வாழ வேண்டும் என்பது நிபந்தனை. பாண்டவர்கள் விராட நகரத்துக்கு வெளியே வன்னி மரத்தில் ஆயுதங்களைக் கட்டி வைத்தார்கள். யாரும் கிட்டே போகாதிருக்கப் பிணத்தையும் கட்டித் தொங்கவிட்டார்கள். பீமன் சமையற்காரன் ஆனான். அர்ஜுனன் பிருகன்னளை என்ற பெயரில் அரண்மனைப் பெண்ணுக்கு நாட்டியம் கற்பித்தான். எஞ்சினீயரிங் படித்துவிட்டு இங்கே வந்து கடைக் கணக்கு எழுதியவர்களும், ஊரில் வாத்தியாராக இருந்து இங்கே ஸ்டோர் கீப்பர் ஆனவர்களும் நம்மில் உண்டு. எல்லோருக்கும் ஊரில் ஒரு வன்னி மரம், அதில் கட்டிவைத்த ஏதோ ஒன்று.

இந்தக் கதையைத்தான் அன்றிரவு என் மனைவியிடம் எனக்குச் சாதகமாகச் சொன்னேன். நானும் இருபத்துநான்கு வருடமாக அஞ்ஞாதவாசம்தான் இருக்கிறேன், ஊருக்குப் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ ஆசையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், மரம்கூட அப்படித்தானே செய்கிறது என்றேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்: "அர்ஜுனனுக்கு ஒரு வருஷம் என்று கெடு இருந்தது. உங்களுக்கு என்ன கெடுங்க?"

பதில் தெரியவில்லை. படித்ததில் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. ஆப்பிள் மரம் குளிரை எண்ணுகிறது. பல ரகங்களுக்கு, பூஜ்யத்துக்கு மேல் ஏழு டிகிரி வரையிலான குளிர் சுமார் ஆயிரம் மணி நேரம் கடந்திருக்க வேண்டும். அது நிறையும் வரை நடுவில் நாலு நாள் வெயில் அடித்தாலும் மரம் ஏமாந்து பூப்பதில்லை. நிறைந்துவிட்டால் பிறகு கொஞ்சம் வெப்பம் கிடைத்ததும் விழித்துக்கொள்கிறது. இமாசலப் பிரதேசத்து விவசாயிகள் இப்போது குளிர்காலம் சூடாகி வருவதால் இந்தக் கணக்கு நிறையவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். ஆக, உறங்கும் மரத்துக்கும் கெடு இருக்கிறது. உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து மணியை எண்ணிக்கொண்டிருக்கிறான். நான் எண்ணியதே இல்லை. முதலில் கடன் அடையட்டும் என்றேன். பிறகு தங்கை கல்யாணம், பிறகு வீடு, பிறகு பையன் படிப்பு. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நியாயமான காரணங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு ஆயுள் வந்துவிடும்.

அவள் அதோடு விடவில்லை. "அந்த ஒரு வருஷத்தில் மரத்தில் கட்டி வைத்ததா அவர்கள் குலத்தைக் காப்பாற்றியது?" என்றாள்.

நான் இதுவரை யோசித்துப் பார்க்காத கேள்வி. அர்ஜுனன் நாட்டியம் கற்பித்த பெண் உத்தரை. அவளை அபிமன்யுவுக்கு மணம் முடித்தார்கள். போர் நடந்தது. வன்னியிலிருந்து இறக்கிய ஆயுதங்கள் வேலை செய்தன, வென்றார்கள், ஆனால் பிள்ளைகள் ஒருவரும் மிஞ்சவில்லை. கடைசியில் குலத்துக்கு மிஞ்சியது உத்தரையின் வயிற்றில் இருந்த பரீட்சித்து ஒருவன். அதாவது, மறைந்திருந்த வருடம், வேஷம் போட்ட வருடம், வாழ்க்கையில் சேராதது என்று ஒதுக்கத்தக்க வருடம் என்று நாம் நினைக்கும் அந்த ஒரு வருடத்தில், ஒரு சிறுமிக்கு மனமார அடவு சொல்லிக்கொடுத்தானே, அதிலிருந்துதான் வம்சம் தொடர்ந்தது. மொட்டு அங்கேதான் இருந்தது.

அப்படியானால் நான் செய்து வந்ததற்கு என்ன பெயர்? வெளியிலிருந்து பார்த்தால் உறங்கும் மரமும் ஒத்திப்போடும் மனிதனும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இரண்டு பேரிடமும் இலை இல்லை. கீறிப் பார்த்தால்தான் தெரியும். மரம் இருக்கும் இடத்திலேயே, இருக்கும் காலத்திலேயே, அடுத்ததை உள்ளுக்குள் செய்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறது. நான் இந்த இருபத்துநான்கு வருடத்தைக் காத்திருக்கும் அறையாக நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக்கூட ஐந்து வருடம் கேட்காமல் இருந்தேன், எப்படியும் போகப்போகிறோமே என்று.

இதிலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. காத்திருப்பவர் எல்லோரையும் கோழை என்று சொல்லிவிட முடியாது. பிறருக்காகக் காப்பது என்று ஒன்று இருக்கிறது. லெனின்கிராடு நகரை 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை முற்றுகையிட்டது. 1944 ஜனவரி வரை முற்றுகை நீடித்தது. அங்கே நிக்கோலாய் வாவிலோவ் உலகெங்கும் அலைந்து திரட்டிய விதைகள் ஒரு நிலையத்தில் இருந்தன. வாவிலோவ் அப்போது சிறையில். 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் பட்டினியில் இறந்துபோனார். நகரில் ரொட்டி இல்லை. அந்த நிலையத்து விஞ்ஞானிகள் நெல், கோதுமை, நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவற்றைத் தொடாமல், எலியிடமிருந்தும் குளிரிலிருந்தும் காத்தார்கள். அவர்களில் பலர் பசியால் இறந்தார்கள். திமித்ரி இவானோவ் என்பவர் நெல்லுக்குப் பொறுப்பு. பல ஆயிரம் நெல் பொட்டலங்களைக் காத்துவிட்டுப் பட்டினியால் செத்தார். அந்த விதைகள் பின்னால் வயல்களுக்குப் போயின.

இதைப் படித்தபோது நான் விதைக்காக அழவில்லை. உறங்குகிற ஒன்றுக்காக விழித்திருக்கிற ஒருவர் வேண்டியிருக்கிறது என்பது உறைத்தது. எங்கள் வாளிச் செடிக்கு என் மனைவி விழித்திருந்தாள். நான் கேட்க மறந்த கேள்வி, எனக்காக யார் விழித்திருந்தார்கள் என்பது.

எங்கள் ஊரில் மாசிமகம் பெரிய திருவிழா. மணிமுத்தாற்றங்கரையில் ஜனம் கொள்ளாது. நான் இங்கே வந்த பிறகு என் அம்மா வருடாவருடம் தை பிறந்ததும் கேட்பார், "இந்த மாசிமகத்துக்கு வர்றியா தம்பி?" என்று. மாசியில் இங்கே ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை, பையனுக்குப் பரீட்சை. அடுத்த வருஷம் கட்டாயம் என்பேன். "உனக்கு எப்ப வசதியோ அப்ப வாப்பா" என்பார். ஒரு தடவைகூட வருத்தமாகச் சொன்னதில்லை. அதனால் அவருக்கு வருத்தமில்லை என்றே எடுத்துக்கொண்டேன். கோடை விடுமுறையில் போவோம், பார்ப்போம், வருவோம். மாசிமகத்துக்கு மட்டும் போகவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஐப்பசியில் அம்மா காலமானார். தகவல் வந்து விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எனக்காக வைத்திருந்தார்கள்.

செடி தன் உறக்கத்துக்குத் தன் சேமிப்பைத்தான் செலவழிக்கிறது. கிளையில் சேர்த்த சர்க்கரை, வேரில் சேர்த்த மாவு, எல்லாம் அதனுடையது. நான் என் காத்திருப்புக்கு என் அம்மாவின் வருடங்களைச் செலவழித்தேன். அவருக்கு எழுபத்தாறு, எழுபத்தேழு என்று போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை, கணக்கு எழுதுகிறவன், எழுதி வைக்கவில்லை. நம்மில் பலர் வீட்டில் இதே கணக்கு இருக்கும் என்பதால்தான் இதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பணம் அனுப்பினோம், மருத்துவம் பார்த்தோம், குறை வைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மைதான். அதற்கும் மாசிமகத்துக்கும் சம்பந்தமில்லை.

போகாமல் இருந்தது பாவமா என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். குடும்பத்துக்காக உழைத்ததைப் பாவம் என்று சொல்லாதே என்றார். ஆறுதலாக இருந்தது. ஆனாலும் அவர் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. உழைத்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. மூன்று நாள் விடுப்புக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருடங்கள் சில இருந்தன. அவற்றிலும் கேட்கவில்லை, ஏனென்றால் அடுத்த வருடம் இருக்கிறது என்று நினைத்தேன். பாலைவன விதை ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்கு வைக்கிறது என்று மேலே சொன்னேன். ஒரு பகுதியைத்தான். மீதி இந்த வருட மழைக்கே முளைத்துவிடுகிறது.

செடி விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரைக் குறைத்து, வாளியைச் சுவரோரம் வெயில் படும் இடத்துக்கு நகர்த்தி, வேறொன்றும் செய்யாமல் விட்டோம். ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. தினமும் போய் நகத்தால் கீறிப் பார்க்காதீர்கள், அதற்கு வலிக்கும் என்று மனைவி கண்டித்தாள். மாசி பிறந்த ஐந்தாம் நாள், பகல் சூடு 25 டிகிரியைத் தாண்டியபோது, நடுத்தண்டில் கடுகளவு இரண்டு முளை தெரிந்தது. இப்போது நான்கு. ஒரு கிளை மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. கீறினால் உள்ளே பழுப்பு. பங்குனி வரை பார்த்துவிட்டு வெட்டலாம் என்று வைத்திருக்கிறோம்.

பையனுக்குப் பரீட்சை என்பதால் அவளால் வர முடியாது. நான் மட்டும் மாசிமகத்துக்கு விருத்தாசலம் போகிறேன். மூன்று நாள் விடுப்பு கிடைத்தது, கேட்ட அன்றே. வரும்போது கோயில் வன்னியின் கீழே உதிர்ந்த இலை நாலு கொண்டுவரச் சொன்னாள். வன்னிதான் இங்கே அல் தைத் சாலையில் வரிசையாக நிற்கிறதே, எதற்கு அங்கிருந்து என்றேன். அது வேறு, இது வேறு என்றாள்.